பழக்க வந்தவர்

குலசிங்கம் கடைக்குள் வந்தபோது வாமதேவன், லியோனிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டுக் குடும்பத்துக்குத் தாலிக்கொடிகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் எந்த நகைக்கடைக்குள்ளும் நிற்க இடம் இருக்காது. அப்படியான நேரங்களில் குலசிங்கம் உள்ளே வருகிறவர் அல்ல. வாசலில் நின்று கையைக் காட்டுவார். சனம் குறைந்ததும் இருவருமாகத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரோரம் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. அது அவருடையது போலவே இல்லை, இரவல் வாங்கியது போலத் தோளில் தொங்கியது.

பெண்ணின் தகப்பன் கொடிகளை விட்டுவிட்டு வாமதேவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. ஊரிலை பள்ளிக்கூட பிக் மட்ச்சிலை எட்டு விக்கெட் எடுத்த வாமதேவன் நீங்கள்தானே? நான் அப்ப சின்னப் பெடியன். மதிலிலை ஏறி நிண்டு பாத்தனான்."

"ஓம்" என்றார் வாமதேவன். மாதத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்விதான். ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார் அந்த மனிதர். குலசிங்கம் எழுந்து வந்து போனை வாங்கி எடுத்துக் கொடுத்தார். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர், விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற குலசிங்கத்தின் கைக்குள் பிடி கொடுத்துப் போனவர்கள் என்பது லியோன்காரருக்குத் தெரியாது. குலசிங்கமும் சொல்லவில்லை. "கொஞ்சம் சிரியடா" என்று மட்டும் வாமதேவனிடம் சொன்னார்.

அவர்கள் கொடியைத் தெரிவுசெய்து வாங்கிக்கொண்டு போன பிறகு குலசிங்கம் மறுபடி கதிரையில் இருந்தார்.

"மச்சான், எனக்குக் கணையத்திலை கான்சர் வந்திட்டுது. வாற கிழமை சிமியோ தொடங்குகினம்."

வாமதேவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் வந்தது அவருக்கு வழக்கமாக வருவதுதான். "எந்த ஆசுப்பத்திரி? வேறை பெரிய டொக்டர் ஆரையும் பாப்பமோ? காசைப் பற்றி நீ யோசிக்காதை."

"காசு வேண்டாமடா. சனிக்கிழமையளிலை வந்து பிள்ளையளோடை நில். நான் திரும்பி வாறமட்டும். அதைக் கேக்கத்தான் வந்தனான்."

பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் பெண்கள் கிரிக்கெட் அணி ஒன்றைக் குலசிங்கம் ஒன்பது வருடங்களாகப் பழக்கிவந்தார். பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் கிழமை முழுக்க நின்றுவிட்டு, சனிக்கிழமை காலையில் மைதானத்தில் நிற்பார். வாமதேவனின் ஒரே மகள் தாட்சாயினி அந்த அணியின் முதல் பந்து வீச்சாளர். பதினேழு வயதில் சேர்ந்தவள். இப்போது லா டெஃபான்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. வருகிற ஆனியில் பிரான்ஸ் தேசிய அணிக்கான தெரிவுக்கு அவளுடைய பெயரைக் குலசிங்கம் கொடுத்திருந்தார்.

வாமதேவன் ஒருநாளும் அந்த மைதானத்துக்குப் போனதில்லை. அதைப் பற்றி லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சனம் கதைத்தது அவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆட்டக்காரன் இருக்க, ஒரு விக்கெட் காப்பாளன் ஏன் பழக்கிறான் என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்பார். காசு வந்தாப் பிறகு வெயிலுக்கை நிண்டு கத்த அந்தாளுக்கு என்ன விசரோ என்று இன்னொருவர் சொல்வார். அது முழுக்கப் பொய்யும் இல்லை. இரண்டு கடை, ஓல்னேயில் தோட்டம் வைத்த வீடு, இறக்குமதி வேலை என்று சனிக்கிழமைகள் போய்விட்டன. ஆனால் வேறொன்றும் இருந்தது. கொழும்புக் கழகம் ஒன்று கூப்பிட்டு அவர் ஒரு பருவம் அங்கே ஆடினார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் ஊருக்குத் திரும்பியவர், அதற்குப் பிறகு பந்தைக் கையில் எடுக்கவில்லை. பிறர் ஆடுவதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. தாட்சாயினி அணியில் சேர்ந்த அன்று, "அப்பா, நீங்கள் வரவேண்டாம். எல்லாரும் உங்களைத்தான் பாப்பினம்" என்று சொன்னாள். அவருக்கு அது வசதியாக இருந்தது. மனதுக்குள் எங்கோ நொந்தது என்பதை மனைவி பூரணிக்குக்கூட அவர் சொல்லவில்லை.

குலசிங்கம் வந்து போன அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தான் மைதானத்துக்கு வரலாமா என்று மகளிடம் கேட்டார். குலம் மாமாவின் வருத்தத்தைப் பற்றி அவளுக்கு அவரைவிட முதலே தெரிந்திருந்தது.

"வாங்கோ அப்பா" என்றாள்.

மைதானம் என்றால், உதைபந்தாட்டத் திடலுக்குப் பின்னால் நகரசபை கொடுத்த ஒரு புல்வெளி. நடுவில் பச்சைப் பாய் விரித்த ஆடுகளம். நகரசபையின் விளையாட்டுப் பகுதியில் வேலை செய்யும் அலெக்சாந்த்ர் கொட்டிலைத் திறந்துகொண்டு நின்றார். ஐம்பது வயதுக்காரர். இளமையில் பேஸ்போலில் பந்து எறிந்தவர். பிட்சர். கிரிக்கெட் இன்னும் முழுதாக விளங்காவிட்டாலும் குலசிங்கத்தோடு கூடவே நின்று வலை கட்டுவது, பந்து பொறுக்குவது எல்லாம் செய்வார். அவருக்கு வாமதேவனின் கதை சொல்லப்பட்டிருந்தது. கையைக் குலுக்கி முடியும் முன்பே பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"எங்கள் விளையாட்டிலும் இதைக் கேட்பார்கள். அமெரிக்காவில் கோடி கோடியாகச் சம்பாதித்த பெரிய பிட்சர்கள், ஓய்வு பெற்ற பிறகு பயிற்சியாளராக வருவார்களா என்று. அநேகம் பேர் வருவதில்லை. பண்ணை வாங்குவார்கள், மீன் பிடிப்பார்கள். மனேஜராக வருகிறவர்களைப் பார்த்தால் பந்தைப் பிடித்தவர்கள் நிறைய இருப்பார்கள். முகத்துக்குக் கம்பி போட்டுக்கொண்டு குந்தியிருப்பார்களே, அவர்கள். எங்கள் குலசிங்கம் மாதிரி."

"காசு இருக்கிறபடியால் வருவதில்லையா?" என்று வாமதேவன் கேட்டார்.

"அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்றால் அது பாதிக் காரணம்தான். நன்றாக எறிந்த ஒருவனிடம் எப்படி எறிந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குக் கோபம் வரும்." அலெக்சாந்த்ர் சிரித்தார். "நான் நன்றாக எறியவில்லை. அதனால்தான் இங்கே நிற்கிறேன்."

வாமதேவனும் சிரித்தார். ஆனால் அரை மணித்தியாலத்துக்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மட்டக்களப்பிலிருந்து வந்த றஜனி என்ற பிள்ளை பந்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அங்கிள், நீங்க அந்த மட்ச்சில கடைசியா ஒரு யோர்க்கர் போட்டீங்களாம். குலம் அங்கிள் எப்பவும் சொல்லுவார். அது எப்படி எண்டு காட்டுங்க."

அவர் பந்தை வாங்கினார். விரல்கள் தையலில் தாமாகப் போய் இருந்தன. ஆனால் சொல்ல ஒன்றும் வரவில்லை. "அது... காலடியிலை போடவேணுமெண்டு நினைக்கவேணும். நினைச்சுக்கொண்டு ஓடிவந்து போடவேணும்." பிள்ளைகள் காத்திருந்தார்கள், இன்னும் ஏதோ வரும் என்று. பிறகு ஒருத்தி சிரித்தாள். கேலியாக இல்லை, அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துத்தான். தாட்சாயினி மட்டும் சிரிக்காமல் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினாள்.

அடுத்த கிழமைகளில் வாமதேவன் கடையில் சனம் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தார். பெரிய பெரிய பயிற்சியாளர்கள் பந்து வீச்சைத் துண்டு துண்டாக வெட்டி விளங்கப்படுத்தினார்கள். முன்கால் எங்கே விழவேண்டும், இடது தோள் எப்போது திரும்பவேண்டும், மணிக்கட்டு எந்தக் கோணம். ஒரு காலத்தில் தான் செய்தது இவ்வளவுமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னுடைய உடம்பைப் பற்றி வேறு யாரோ சொல்லக் கேட்பதுபோல இருந்தது. கற்றுக்கொண்ட சொற்களைச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொன்னார். சிலருக்கு உதவியது. மெல்ல மெல்ல அவர் குரலில் தெம்பு வந்தது.

மகளுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஓடி வருவதை ஓரமாக நின்று பார்ப்பார். அவசரமில்லாத ஓட்டம், கடைசியில் ஒரு சின்னத் துள்ளல், காதோடு உரசிப் போகிற கை. அது தன்னுடைய ஓட்டம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவர் அவளுக்கு அதைச் செய்து காட்டியதில்லை; அவர் பந்து வீசி அவள் பார்த்ததும் இல்லை. எங்கிருந்து வந்தது அவளுக்கு அது?

சித்திரை கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவளுடைய இடது தோள் கொஞ்சம் முந்தித் திரும்புவதை அவர் கண்டார். கண்டார் என்றால், வீடியோவில் பார்த்த கண்ணால் கண்டார். கிட்டப் போய், "பிள்ளை, தோளைக் கொஞ்சம் பிந்தித் திருப்பிப் பார்" என்றார்.

தாட்சாயினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வயது முகத்தில் சட்டென்று பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் வந்தது. "எப்பிடி அப்பா? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

அவர் செய்து காட்டினார். அவள் திரும்பி நடந்து போய் ஓடி வந்தாள். பந்து பாயில் பட்டு உள்ளே வெட்டி, நடுக் குச்சியைப் பிடுங்கி எறிந்தது. அலெக்சாந்த்ர் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். தாட்சாயினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று காரில் திரும்பும்போது அவள் கொழும்பைப் பற்றிக் கேட்டாள். எந்தக் கழகம், எங்கே தங்கினீர்கள், சிங்களப் பெடியன்கள் உங்களோடு நல்லமோ. அவர் யாருக்கும் சொல்லாத கதைகளைச் சொன்னார். அணித் தலைவனாக இருந்த சிங்களப் பெடியன் தன் வீட்டு அறைக்குள் அவரை இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்ததையும், அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போனதையும் சொன்னார். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. பூரணி கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருவரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை பந்து வரவில்லை.

முதல் பந்து அகலப் போனது. அடுத்தது அவளுடைய காலடியிலேயே குத்தியது. மூன்றாவது, துடுப்புக்காரியின் தலைக்கு மேலால் போய் வலையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "தோள்" என்றார் வாமதேவன். பிறகு "முன்கால்" என்றார். பிறகு "மணிக்கட்டு". ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று பிழைத்தது. அடுத்த கிழமை அவள் ஓடி வந்து, கையைச் சுழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தாள். மறுபடி நின்றாள். ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை.

"வருகுதில்லை" என்றாள் தாட்சாயினி, பிரெஞ்சிலும் ஒருமுறை தமிழிலும் ஒருமுறை. பந்தைத் தன்னுடையதல்லாத ஒரு சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வீட்டில் அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெறுங்கையைச் சுழற்றுவதைப் பூரணி கண்டாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை என்ன செய்தனீங்கள்?" என்று கணவனிடம் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. அறியத்தான் கேட்டாள்.

மறுநாள் வாமதேவன் குலசிங்கத்தைப் பார்க்கப் போனார். சிமியோ பலன் தரவில்லை என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் குலசிங்கம் பாதியாகிக் கிடந்தார். தலைமாட்டில் இருந்த மனைவி கமலராணி, "இருங்கோ அண்ணை, நான் கீழை போயிட்டு வாறன்" என்று எழுந்து போனாள்.

"மச்சான், தாட்சாவுக்குப் பந்து வருகுதில்லை."

மூடியிருந்த கண்கள் திறந்தன. "நீ என்ன சொன்னனீ அவளுக்கு?"

"தோளைக் கொஞ்சம் பிந்தித் திருப்பச் சொன்னன்."

குலசிங்கம் மறுபடி கண்களை மூடினார். "ஏன் மச்சான்?" என்றார் கடைசியில். அந்தக் கேள்வியில் கோபமே இல்லாதது வாமதேவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நீ என்ன சொல்லிப் பழக்கினனீ? அதைச் சொல்லு. நான் அதையே திரும்பச் சொல்லுறன்."

"அவளுக்கு நான் ஒண்டும் சொல்லுறேல்லை. மற்றப் பிள்ளையளுக்குத் தொண்டை கிழியக் கத்துவன். அவள் வந்தால் பந்தைக் குடுத்திட்டு அங்காலை போயிடுவன்." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி சொன்னார். "உனக்கும் அப்பிடித்தானேடா. ஒருக்கா மாஸ்டர் உன்ரை கையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர். நான் அவரை வேறை கதை கேட்டுத் தள்ளிக்கொண்டு போனனான். உனக்குத் தெரியாது."

வாமதேவனுக்குத் தெரியாதுதான். அந்த எட்டு விக்கெட்டை நினைக்கும்போதெல்லாம் அவர் மைதானத்தில் தன்னை மட்டும்தான் கண்டிருக்கிறார்.

"இப்ப என்ன செய்யிறது?"

"தெரியேல்லை மச்சான்." குலசிங்கம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். "அவளைப் பிரான்சின்ரை நீலச் சட்டையோடை பாக்கலாமெண்டு இருந்தனான்."

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. தகனத்துக்கு அணிப் பிள்ளைகள் எல்லோரும் அணிச் சட்டையோடு வந்தார்கள். அலெக்சாந்த்ர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்று அழுதார். கமலராணி வாமதேவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் பிள்ளையளைப் பொறுப்பெடுத்தது அவருக்குப் பெரிய நிம்மதி அண்ணை. கடைசிமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவர்." வாமதேவன் தலையை ஆட்டினார். தாட்சாயினிக்குப் பந்து வராததைப் பற்றிக் குலசிங்கம் மனைவிக்கு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார் என்பது அவருக்கு விளங்கியது. கையை உருவிக்கொண்டு வெளியே போய், கார்கள் நின்ற பக்கம் தனியே நின்றார்.

தெரிவுக்கு முதல் நாள் மகளின் அறை வாசலில் போய் நின்றார். "போகாட்டிலும் பரவாயில்லை பிள்ளை. காயம் எண்டு எழுதி அனுப்பலாம்."

"மாமா பேர் குடுத்தவர். நான் போறன்."

பாரிசுக்கு மேற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த மைதானம் அது. வாமதேவன் எல்லைக்கோட்டுக்கு வெகு தூரத்தில், தரிப்பிடத்துப் பக்கமாக நின்றார். அங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது. தாட்சாயினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பந்தை வாங்கிக்கொண்டு நடந்து போனாள். ஓடி வந்தபோது, அந்த ஓட்டம் கடைசித் துள்ளல் வரைக்கும் அப்படியே இருந்தது. அந்த ஒரு நொடி அவர் நம்பினார். பந்து கையை விட்டு, எங்கோ பக்கவாட்டில் புல்லில் போய் உருண்டது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது ஆடுகளத்தின் பாதியில் குத்தி நின்றது. தெரிவுக் குழுவில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். நல்ல மனுசி போல. சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். தாட்சாயினி தலையாட்டிவிட்டுப் பந்தைக் கொடுத்தாள்.

அவள் திரும்பி வந்து காரில் ஏறிவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் வரவில்லை. களத்தின் ஓரத்துக்குப் போய் நின்று, மற்றவர்கள் அடித்த பந்துகளைத் தடுத்துக் கொடுத்தாள். தன்னிடம் வந்த ஒவ்வொன்றுக்கும் ஓடினாள். தன்னிடம் வராததற்கும் ஓடினாள். விழுந்து புரண்டு எழும்பினாள். தெரிவு முடியும் வரைக்கும் அப்படி ஓடிக்கொண்டிருந்தாள், தெரிவாக மாட்டாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த பிறகும். அவள் பந்து வீசியதை எப்படியோ பார்த்து முடித்த வாமதேவனால் அதைப் பார்க்க முடியவில்லை. காருக்குள் போய் இருந்துவிட்டார்.

நெடுஞ்சாலையில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. தாட்சாயினி முழங்காலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"சட்டையைக் கழுவவேணும்" என்றார் வாமதேவன்.

"ம்."

"அம்மா புட்டு அவிச்சு வைச்சிருப்பா."

"அப்பா." அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்கள் சொன்னதாலைதான் எண்டு நினைக்காதேங்கோ."

ஏதாவது சொன்னால் அதுவும் ஒரு பிழையான சொல்லாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. லொறி ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கடந்தது.

"நீங்கள் எனக்குச் சொல்லவேணுமெண்டு நான் எவ்வளவு நாளாப் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமே" என்றாள் கொஞ்சத்தால். "அதுதான். வேறை ஒண்டுமில்லை."

வாமதேவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கட்டியிருந்த மயிர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஓல்னேக்குள் வந்தும் மழை விடவில்லை. ஸ்டேசனிலிருந்து வந்த சனம் பைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியது. அவர்களுடைய தெருவுக்குள் திரும்பினார். பூரணி குடையோடு படலையடியில் நின்றாள். காரைக் கண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

வாமதேவன் காரை நிறுத்தவில்லை. மெதுவாக வீட்டைக் கடந்து போனார். தெருமுனையில் இருந்த சுற்றுவட்டத்துக்கு வந்ததும், பிள்ளையின் தலை அசையாதபடி வேகத்தை இன்னும் குறைத்து வளைத்தார். வெளியேறுகிற பாதைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர் ஒன்றிலும் திரும்பாமல் மறுபடி வளைத்தார். கண்ணாடியில், அவளுடைய வாய்க்குப் பக்கத்தில், மூச்சுப்பட்டு ஒரு சின்ன வட்டம் வெள்ளையாவதும் மறைவதுமாக இருந்தது.